அன்ரி தந்த கறிவேப்பிலைக் கன்று

யார் வீட்டுக்குப் போனாலும் அன்ரி முதலில் பூச்சாடிக்குள் விரலை விடுவார். வீட்டுக்காரரைச் சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாசலில் இருக்கும் சாடியோ குசினி யன்னலில் இருக்கும் சாடியோ, அவருடைய சுட்டுவிரல் இரண்டாம் கணு வரைக்கும் மண்ணுக்குள் இறங்கும். கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். பிறகு வெளியே வந்து கார்டிகன் விளிம்பில் துடைபடும். "தண்ணி கூடிப்போச்சு" என்பார். இல்லாவிட்டால் "காயப்போட்டுக் கொல்லுறீங்கள்" என்பார். இந்த இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு தீர்ப்பை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

சிட்னியின் மேற்குப் புறநகரான டூங்கபியின் தமிழ்ச் சனத்துக்கு அவர் தோட்டத்து அன்ரி. அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். இப்போது வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னில் மகனோடு இருக்கிறார். அங்கே குளிர் இன்னும் கூட. அந்தச் செய்தி கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு படித்துப்போட்டு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

சிட்னியில் இலையுதிர்காலம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்து யூக்கலிப்டஸ் மரங்கள் எந்தக் காலத்திலும் பச்சையாகவே நிற்கும். தெருவோரத்தில் கவுன்சில் நட்டுவிட்ட நாலைந்து மரங்கள் மட்டும் சிவந்து கொட்டும். எங்களுக்கு அந்தக் காலம் வந்துவிட்டது என்று தெரிவது அன்ரி வீட்டு ட்ரொலியின் சத்தத்தில்தான். ஏப்ரல் முடிந்து குளிர்காலம் நெருங்கும்போது அது கடகடவென்று முற்றத்துக் கல்லில் உருளத் தொடங்கும். உறைபனி விழ முன்னர் சாடிகளை உள்ளே கொண்டுபோக வேண்டும். அவருடைய வீட்டின் பின்பக்கத்தில் வடக்குப் பார்த்த கண்ணாடி அறை ஒன்று இருந்தது. சன் ரூம். குளிர்காலம் முழுக்க வெயில் விழுகிற ஒரே அறை அதுதான். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை அங்கே செடிகள்தான் குடியிருக்கும்.

எல்லாச் செடிக்கும் அங்கே இடம் கிடைக்காது. அன்ரி ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நிற்பார். விரலை விடுவார், இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பார், பிறகு அதன் முகத்துக்கு நேரே சொல்வார். "நீ உள்ளுக்கு." அடுத்ததிடம் போவார். "நீ கிட." வெற்றிலைக் கொடிக்கும் மல்லிகைக்கும் வல்லாரைத் தட்டுக்கும் எப்போதும் இடம் உண்டு. பாகற்கொடியில் பிஞ்சு தொங்கும்போதே வேரோடு இழுத்து எறிவார். "இனிக் காய்ச்சு என்ன செய்யப்போறாய்?" முருங்கையை இடுப்பளவுக்குத் தறித்து, பழைய கம்பளியைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுவார். ஒரு வருடம் செவ்வரத்தை ஒன்று முழுக்க மொட்டோடு நின்றது. முந்தின கோடையில் பூக்கவில்லை என்ற கோபத்தில் அதை வெளியே விட்டார். ஒவ்வொரு காலையும் சன் ரூம் கண்ணாடிக்குள்ளால் அது கருகுவதைத் தேநீரோடு பார்த்தார். நாங்கள் சிரித்தோம். செடிக்குத்தானே என்று நினைத்தோம்.

செடிகள் உள்ளே வரும்போது அன்ரியின் கணவரான அங்கிளின் கதிரை வெளியே போகும். சன் ரூமின் மூலையில் அவருக்கு ஒரு சாய்வுக் கதிரை இருந்தது. அந்த இடம் வெற்றிலைக்குத் தேவை. ஆகவே மே மாதம் பிறந்தால் கதிரையும் அங்கிளும் கராஜுக்குப் போய்விடுவார்கள். இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக, காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். செடிகளில் கை வைக்க அவருக்கு அனுமதி இல்லை. எப்போதோ ஒருமுறை, பாவம் காய்ந்து கிடக்கிறதே என்று வெற்றிலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாராம். அது அழுகிப்போனது. அந்தக் கதையை வருகிற விருந்தாளிகளுக்கு எல்லாம் அங்கிளே சொல்ல வேண்டும்.

"சொல்லுங்கோ, என்ன செய்தனீங்கள்?" என்று அன்ரி எடுத்துக் கொடுப்பார்.

"தண்ணி விட்டனான்," என்பார் அங்கிள்.

"கேட்டு விட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

"பிறகு?"

"பட்டுப்போச்சு."

விருந்தாளிகள் சிரிப்பார்கள். அங்கிளும் சிரிப்பார். தேநீர் வரும்.

இந்த வீட்டுக்கு ராணி என்று ஒன்று இருந்தால் அது கறிவேப்பிலை மரம். நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டி அதில் நட்டிருந்தார். வந்த புதிதில் பிளாக்டவுனில் பிஜிக்காரப் பெண் ஒருத்தியிடம் வாங்கியதாம். அதன் மணம் உண்மையாகவே வேறு. எனக்கு அன்ரியைப் பிடிக்காது என்பதற்காக அதை நான் மறுக்கமாட்டேன். இரண்டு இலையைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கடைகளில் விற்கும் கன்றுகளை அன்ரி குசினிக்குள்ளேயே எடுக்கமாட்டார். "அது இலை. இதுதான் கருவேப்பிலை" என்பார். ஒவ்வொரு ஏப்ரலும் அதைக் கத்தரித்து, வேரைச் சுற்றிப் பழைய மண்ணைத் தளர்த்தி எடுத்துப் புதுமண் போட்டு, கடைசியாக அதைத்தான் ட்ரொலியில் ஏற்றி உள்ளே கொண்டுபோவார். பூங்கொத்து வைத்தால் உடனே கிள்ளி எறிவார். பழம் விட்டால் மரம் களைத்துப்போகும் என்பது அவர் சொல்லும் காரணம்.

அந்த மரத்தடியில் பக்கக் கன்றுகள் முளைக்கும். அவற்றை அன்ரி எல்லோருக்கும் கொடுத்தார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். கழுவிய யோகட் டப்பாவில் மண் போட்டு, கன்றை நட்டு, மே மாதத்தில் கோயிலுக்குக் கொண்டுவருவார். "குளிர் வருது. உள்ளுக்கு வைச்சு வளத்தெடுங்கோ." இவ்வளவு தாராள மனசுள்ள மனுஷி யார் என்று சனம் பேசிக்கொள்ளும்.

அந்தக் கன்றுகளில் ஒன்றுகூடப் பிழைத்ததில்லை.

கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். பிறகு ஒவ்வொரு இலையாகக் கொட்டும். குளிர் முடியும்போது ஒரு குச்சி மிஞ்சும். செப்ரெம்பரில், கோயில் மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, அன்ரி ஒவ்வொரு கதிரையாக வருவார். "என்ர பிள்ளை எப்பிடி இருக்கு?" வாங்கினவர் சோற்றைப் பிசைந்துகொண்டு தலையைக் குனிவார். "பட்டுப்போச்சு அன்ரி." "ஐயோ. தண்ணி கூட விட்டிருப்பீங்கள்." அல்லது, "காயப்போட்டிருப்பீங்கள்." அடுத்த மேயில் அவருக்கு இன்னொரு கன்று கிடைக்கும்.

ஒரு டொக்ரர் இந்த அவமானம் தாங்காமல் கடையில் ஒரு கன்று வாங்கி வைத்துவிட்டு, அன்ரி தந்தது நன்றாக வளர்கிறது என்று சொல்லிவிட்டார். பாவம், மகளின் பிறந்தநாளுக்கு அன்ரியையும் கூப்பிட்டிருந்தார். அன்ரி வந்தார், சாடிக்குள் விரலை விட்டார், ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். வீடு நிறைய ஆட்கள். "இது என்ர பிள்ளை இல்லை," என்றார். "என்ர பிள்ளையைச் சாக விட்டிட்டு வேற ஆரின்ரையோ பிள்ளையைக் காட்டுறீங்கள்?" டொக்ரர் கையில் கேக் வெட்டும் கத்தியோடு நின்றார். அவ்வளவு படித்த மனிதர்.

என் முறையும் வந்தது.

நாங்கள் டூங்கபிக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் எனக்கு வயிற்றில் தங்கிய முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் அன்ரிக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது டூங்கபியில் என்ன இருந்தது? அந்த மே மாதம் கோயில் மண்டபத்தில், பந்தி முழுக்கப் பார்த்திருக்க, என் கையில் ஒரு யோகட் டப்பாவை வைத்தார்.

"இந்தா பிள்ளை. குளிர் கழியுமட்டும் இதைக் காப்பாத்திக் காட்டு. இது தங்கினா மற்றதும் தங்கும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். நான் மருந்துக் கடையில் வேலை செய்யும் பார்மசிஸ்ற். மருந்துக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய், எங்கள் அடுக்குமாடி யூனிற்றில் வெயில் விழுந்த ஒரே இடமான படுக்கையறை யன்னலில் வைத்தேன். கண்ணாடிக் குளிர் படாமல் இருக்க இரவில் பின்னால் ஒரு அட்டையை நிறுத்தினேன். ஹீற்றரை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். என் கணவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "உனக்குப் புருஷன் நானோ அதுவோ?" என்று கேட்டார்.

ஜூனில் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்தது. அன்றைக்கு நான் கணவரிடம் சொல்ல முன்னர் போய்ப் பார்த்தது கன்றைத்தான். அது பச்சையாக நின்றது. எனக்கு அழுகை வந்தது.

பிறகு முதல் இலை விழுந்தது. நான் அன்ரிக்கு போன் எடுத்தேன்.

"அன்ரி, இலை கொட்டுது."

"தண்ணி கூட விட்டிருப்பாய்."

தண்ணீரைக் குறைத்தேன். இன்னும் கொட்டியது. மறுபடி எடுத்தேன்.

"காயப்போட்டிருப்பாய். கவனமாப் பார் பிள்ளை. நான் உனக்கு என்ன சொல்லித் தந்தனான் எண்டு நினைவிருக்குத்தானே?"

நினைவிருந்தது. வேலையில் நின்றுகொண்டும் அதைத்தான் நினைத்தேன். கீழே விழுந்த இலையைப் பொறுக்கக் குனியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஓகஸ்ட்டில் கன்று குச்சியானது. அதே மாதம் எனக்கு இரத்தம் போகத் தொடங்கியது. இதற்கு யாரும் காரணமில்லை, இப்படி நிறையப் பேருக்கு நடக்கிறது என்று ஆஸ்பத்திரியில் டொக்ரர் நிதானமாக விளங்கப்படுத்தினார். நானே பிறருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் நம்பியது அன்ரியை. என் கையில்தான் ஏதோ பிழை என்று நம்பினேன்.

செப்ரெம்பரில் அவர் என் கதிரைக்கு வந்தார். "என்ர பிள்ளை எப்பிடி?"

"பட்டுப்போச்சு அன்ரி."

இரண்டாவது கரு கலைந்ததும் அவருக்குத் தெரியும். என்னுடைய சாப்பிட்ட கையை மணிக்கட்டில் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டினார். "சில கை அப்பிடி. கைராசி இல்லை. உன்ர கையில ஒண்டும் தங்காது பிள்ளை." குரலில் அவ்வளவு இரக்கம். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து நீட்டினார். "இந்தா, கறிக்குப் போடு. முடிய முடிய வந்து வாங்கு. என்னட்டை இருக்குத்தானே."

நானும் வாங்கினேன், நன்றியும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த இலையுதிர்காலம் ஒரு சனிக்கிழமை, அவர் பலகாரம் தந்துவிட்ட பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கராஜ் திறந்திருந்தது. அங்கிள் தொப்பியோடு கதிரையில் இருந்தார். "பின்னுக்கு நிக்கிறா. போங்கோ பிள்ளை," என்றார். நான் பக்கத்துக் கதவால் தோட்டத்துக்குப் போனேன்.

அன்ரி முதுகைக் காட்டிக்கொண்டு சிறு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நீலப் பீப்பாய். சுற்றிவர யோகட் டப்பாக்கள். ஒரு பக்கக் கன்றைப் பிடித்து, மண்ணை விரலால் விலக்கி, மெதுவாக இழுத்தார். நீளமான வேரோடு அது முழுசாக வந்தது. மண்ணை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, தண்டோடு ஒட்டி, வேரை முழுசாக வெட்டினார். வெறும் தண்டை டப்பாவுக்குள் சொருகி, மண்ணைப் பெருவிரலால் அமத்தி, ஒரு தட்டுத் தட்டி ஓரமாக வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவருடைய காலடியில் வெட்டின வேர்கள் உதிர்ந்த இடியப்பம் மாதிரிக் குவிந்து கிடந்தன.

என் கையிலிருந்த பாத்திரம் சத்தம் போட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவில்லை.

"வேரை வெட்டினாத்தான் பிள்ளை புது வேர் வரும்," என்றார்.

"எல்லாருக்கும் இப்பிடித்தானோ அன்ரி குடுக்கிறனீங்கள்?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான்." அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஆள் பாத்துச் செய்யிறேல்லை."

வீட்டுக்கு வந்ததும் பால்கனிக்குப் போனேன். போன வருடத்துக் குச்சியை எறிய மனசில்லாமல் டப்பாவோடு அங்கே வைத்திருந்தேன். பிடித்துத் தூக்கினேன். ஊசியை உருவுவது போல வந்தது. அடிப்பக்கம் சீராக, சரிவாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு நூல் வேர்கூட இல்லை. நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு குச்சிக்கு ஹீற்றர் போட்டிருக்கிறேன். ஒரு குச்சியிடம் போய் என் பிள்ளை தங்குமா என்று கேட்டிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஒரு கருவேப்பிலைக்காக ஒரு மனுஷி இப்பிடிச் செய்வாவோ?" கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "சும்மா சொல்லாதேங்கோ. அவ எவ்வளவு நல்ல மனுஷி," என்றார்கள். சொன்னது அன்ரியின் காதுக்குப் போயிருக்கும். அவர் கவலைப்படவில்லை. அடுத்த வாரமும் அதே இரக்கத்தோடு என் தலையைத் தடவினார்.

ஏன் செய்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எல்லோரும் இலைக்குத் தன் வாசலுக்கு வரவேண்டும் என்ற ஆசை ஒரு பங்கு. ஆனால் அது மட்டும் என்றால் கன்று கொடுக்காமலே இருந்திருக்கலாமே. அவருக்குப் பிடித்தது மே மாதத்துக் கொடை இல்லை, செப்ரெம்பர் மாதத்துக் கேள்வி. ஒரு பந்தியில் இருக்கிற அத்தனை பேரும், டொக்ரரும் கணக்காளரும் என்ஜினியரும், தன் முன்னால் சோற்றைப் பார்த்துக்கொண்டு "என்ர கைராசி சரியில்லை" என்று சொல்ல வேண்டும். பிறர் கையில் ஒன்று தழைத்து நிற்பதை அவரால் பார்க்க முடியாது. செடி என்றாலும் அப்படித்தான், பிள்ளை என்றாலும் அப்படித்தான்.

நான் சண்டைக்குப் போகவில்லை. இலை வாங்குவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று பார்க்க வீட்டுக்கு வந்துவிடுவார்.

அதற்கு அடுத்த வருடம் அன்ரிக்குக் கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைக்கு முந்தின ஏப்ரலில் அவர் கத்தரித்துத் தந்த இலைப் பையின் அடியில், ஒரு காம்பில் நாலைந்து கறுத்த பழங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண் தெரியாமல் விட்டுவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அவற்றின் தோலை உரித்து விதையை ஊன்றினேன். ஒன்று முளைத்தது.

அதற்குள் நாங்கள் சொந்த வீட்டுக்கு மாறியிருந்தோம். துணி துவைக்கும் லோண்ட்ரி அறையின் யன்னல் வடக்குப் பார்த்தது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடும் அங்கே கிடைக்கும். கன்றை அங்கே வைத்தேன். குளிருக்குத் தண்ணீரை நன்றாகக் குறைத்தேன். இலையில் ஒட்டிய பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். இலை கொட்டியது. நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. இந்த முறை அதனிடம் எதையும் கேட்கவும் இல்லை. செப்ரெம்பரில் நுனியில் சிவந்த துளிர் வந்தது. அதற்கு அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்ரியின் மரத்தைக் கொன்றது அன்ரிதான். முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சைக்கு அவர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசை. ஒரு மே மாதம், மரத்தை முழங்காலளவுக்குக் கத்தரித்து வேரையும் தளர்த்திவிட்டு, இனி உள்ளே ஏற்றவேண்டியதுதான் என்று இருந்த வாரத்தில் போன் வந்தது. யாரோ வரவில்லை, இடம் இருக்கிறது, உடனே வரவேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் பின்னுக்குப் போகவேண்டும். அன்ரி போனார். போக முன்னர் அங்கிளுக்கும், உதவிக்கு வந்து நின்ற எங்களுக்கும் சேர்த்து விரலை நீட்டிச் சொன்னார்.

"ஒருத்தரும் ஒண்டிலையும் கை வைக்கக் கூடாது. நான் வந்துதான் உள்ளுக்கு எடுப்பன். தொட்டா பட்டுப்போம்."

சில நாளில் வந்துவிடுவார் என்றார்கள். காயம் சீழ் பிடித்தது. வாரங்கள் போயின. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் டூங்கபிப் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, அங்கிளுக்கு சூப் கொண்டு போனேன். கராஜில் அவர் இல்லை. கதிரையும் இல்லை.

இரண்டும் சன் ரூமில் இருந்தன. ஒரு செடிகூட இல்லாத அறையில் நடுவாக, முழு வெயிலில், தொப்பி இல்லாமல் அங்கிள் உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர். கண்ணாடிக்கு வெளியே நீலப் பீப்பாயில் மரம் நின்றது. மிச்சம் விட்டிருந்த இலைகள் வெந்த கீரையின் நிறத்தில் தொங்கின.

"அங்கிள், ஒரு சாக்காவது போட்டு மூடியிருக்கலாமே?"

"தொடக் கூடாதெண்டவா பிள்ளை." ஒரு மிடறு குடித்தார். "நான் தொடேல்லை."

பிறகு கால்களை இன்னும் கொஞ்சம் வெயிலுக்குள் நீட்டினார்.

நடக்கப் பிடித்துக்கொள்ளும் வோக்கரோடு வீட்டுக்கு வந்த அன்ரி கோடை வரைக்கும் அந்த மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். பச்சை தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். தான் கொடுத்த கன்றுகளில் ஒன்றாவது, தன் கத்தரிக்கோல் எங்கேயாவது தவறிப்போய், யார் வீட்டிலாவது தப்பி நிற்காதா என்று தேடினார். அங்கிள் காரில் காத்திருப்பார். அன்ரி வோக்கரைத் தள்ளிக்கொண்டு படியேறுவார். சனம் பயந்துபோய் அவரிடமே மன்னிப்புக் கேட்டது. "எங்கட கைராசி அப்பிடி அன்ரி, குறை நினைக்காதேங்கோ." சிலர் கடைக் கன்று வாங்கிக் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தார். எத்தனை வருடமாகக் கொடுத்தார், எத்தனை வீட்டுக்குக் கொடுத்தார். ஒன்றுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலைக்காரி.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது மறுபடி ஒரு மே மாதத்தில். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். வாசலில் இருந்த சாடிக்குள் விரலை விடவும் மறந்துவிட்டார். மூக்கு மட்டும் அசைந்தது.

"இது என்ர மரம்," என்றார்.

"கடையில வாங்கினது அன்ரி."

"எனக்கோ சொல்லுறாய்?"

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அந்த ஒரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். இலைப் பையின் அடியில் பழம் கிடந்ததைச் சொன்னேன். "கண் தெரியாத வருசம்," என்று சூள் கொட்டினார். அந்த நேரத்திலும் அவருக்குத் தன் கவனப்பிழைதான் எரிச்சலாக இருந்தது. பிறகு என் கையைப் பிடித்தார். அன்றைக்குக் கோயிலில் திருப்பிக் காட்டிய அதே கை.

"ஒரு கண்டு தா பிள்ளை. வீட்டுக்குள்ள ஒண்டும் இல்லை. விடிஞ்சா எழும்பிப் பாக்கிறதுக்கு எனக்கு ஒண்டும் இல்லை."

கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இருங்கோ அன்ரி. எடுத்துக்கொண்டு வாறன்."

லோண்ட்ரியில் என் மரம் தோளுயரத்துக்கு நின்றது. அடியில் ஒரே ஒரு பக்கக் கன்று. மண்ணை விலக்கி இழுத்தேன். நீளமான வேரோடு முழுசாக வந்தது. நன்றாகப் பிழைக்கக்கூடிய கன்று. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குசினி அலுமாரியில் யோகட் டப்பா இருந்தது. கத்தரிக்கோலும் இருந்தது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "வை ஆர் யூ கட்டிங் இற் அம்மா?"

"வேரை வெட்டினாத்தான் செல்லம் புது வேர் வரும்," என்றேன்.

டப்பாவில் மண்ணை அமத்தி, ஒரு தட்டுத் தட்டி, கொண்டுபோய் அன்ரியின் மடியில் வைத்தேன். "குளிர் வருது அன்ரி. உள்ளுக்கு வைச்சு வளத்தெடுங்கோ."

அவர் நன்றி சொல்ல வாயெடுத்தார். பழக்கதோஷத்தில் விரல் தானாக மண்ணுக்குள் இறங்கியது. இரண்டாம் கணு வரைக்கும் போனது. தண்டோடு ஒட்டிக் கீழே போய், அடியில் வேர் இருக்கவேண்டிய இடத்தில் வளைந்து, அங்கேயே நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகம் உடைவதைப் பார்க்கத்தான் அத்தனை வருடமும் காத்திருந்தேன்.

விரல் வெளியே வந்தது. கார்டிகன் விளிம்பில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவர் என்னை மனசாரப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"இப்பத்தான் பிள்ளை, உன்ர கையில ஒண்டு தங்கியிருக்கு," என்றார்.

டப்பாவை வோக்கரின் கூடைக்குள் பத்திரமாக வைத்து, "போட்டு வாறன்" என்று படியிறங்கினார். குளிர் முழுக்க அதைச் சன் ரூமில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாராம். அங்கிள் பிறகு சொன்னார். அவர் அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால், சபித்திருந்தால், டப்பாவை என் முகத்தில் எறிந்திருந்தால், நான் வென்றிருப்பேன். பாராட்டிவிட்டல்லவா போனார்.